பூனைக்கு ஜாமீன்

காஞ்சிபுரத்துக்காரன் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் கோயிலைப் பற்றியோ பட்டைப் பற்றியோ கேட்பார்கள். எனக்கு இரண்டிலும் பெருமை உண்டு. பட்டு நானே நெய்கிறேன் என்பதால் அதில் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. ஆனால் எதிரில் இருப்பவர் பொறுமையாகக் கேட்கிற ஆளாக இருந்தால், நான் முதலில் பேச ஆரம்பிப்பது எங்கள் ஊரில் சோபாவுக்கும் ஆட்டோ சீட்டுக்கும் குஷன் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான். அதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்களிடம் மேற்கொண்டு நான் பேசுவதில்லை.

ஊருக்கே அவர் குஷன் அக்கா. என்னைவிட வயதில் மூத்தவர் இல்லை. இருந்தும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் பதிலுக்கு என்னை அண்ணா என்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கிக்கொண்டு மரியாதையாக இருந்தோம். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். தோளில் ஒரு ரெக்சின் பை, அதுவும் அவரே தைத்தது. வேலை செய்யும்போது வாய் நிறையச் சின்ன ஆணிகளை அடக்கிக்கொள்வார். நாக்கால் ஒன்றைத் தள்ளி உதட்டுக்குக் கொண்டுவந்து, விரலால் எடுத்து, ஒரே தட்டில் இறக்குவார். அந்த நேரத்தில் என்ன கேட்டாலும் 'ம்' மட்டும்தான் வரும். பேசக் கூடாத இடங்களில் ஆணி இல்லாமலே வாயை மூடத் தெரிந்தவர் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

கிழிந்ததைக் கொண்டுபோனால் அவர் உடனே ஊசியை எடுக்க மாட்டார். எதனால் கிழிந்தது என்று தெரிய வேண்டும் அவருக்கு. "காரணத்த மொதல்ல தைக்கணும்ணா. துணிய எப்ப வேணா தச்சுக்கலாம்" என்பார். எத்தனை வாடிக்கையாளர்கள் இதைக் கேட்டு எரிச்சலாகி வேறு கடைக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. போனவர்களுக்கு அது போதாத காலம்.

ஒரு ஆட்டோக்காரர் இருந்தார். டிரைவர் சீட்டில் வலது பக்கம் மட்டும் மாதாமாதம் கிழியும். ரெக்சின் மட்டம் என்று அக்காவிடம் கத்திக்கொண்டிருந்தார். அக்கா அவரை நான்கு முறை சீட்டில் ஏறச் சொன்னார், நான்கு முறை இறங்கச் சொன்னார். பின் பாக்கெட்டில் ஸ்பேனர் வைத்துக்கொண்டு உட்காருகிறார் அந்த மனிதர். நானாக இருந்தால் அங்கேயே நாலு பேர் சிரிக்கும்படி சொல்லியிருப்பேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சீட்டைத் தைத்துவிட்டு, மீந்த துண்டில் ஒரு பையும் தைத்து சீட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். ஒரு வாரத்தில் ஸ்பேனர் தானாகப் பைக்குள் போய்விட்டது. அது தன்னுடைய யோசனை என்றே அந்த ஆட்டோக்காரர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் எனக்கே அந்தப் பையைக் காட்டி, "எப்டி வச்சிருக்கேன் பாத்தியா?" என்றார்.

எங்கள் வீட்டுக்கு அக்கா வந்தது சோபாவுக்காக. எங்கள் வீட்டில் சோபா வந்தது என் மனைவியால். அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை செய்பவர்கள் வந்தால் பாயை விரித்து உட்காரவைக்க வேண்டியிருக்கிறது என்று அவளுக்கு நெடுநாள் குறை. மூன்று கடை ஏறி இறங்கி, கடல் நீலத்தில் துணி போட்ட சோபா ஒன்றையும், அதற்குத் தோதாகக் கீழே விரிக்க ஒரு கம்பளத்தையும் தேர்ந்தெடுத்தாள். எங்கள் குடும்பத்தில் அதற்குமுன் யார் வீட்டிலும் சோபா கிடையாது. அவள் அதைத் தினமும் துடைத்தாள்.

பூனை வந்தது என்னால். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு இழுத்துக் கட்டியிருக்கும்போது அந்த வாசனைக்கு எலி வரும். ஒருமுறை ஒரு கல்யாணப் புடவைக்கான பாவில் எலி வாய் வைத்துவிட்டது. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட மூன்று நாள் ஆனது. அதற்கப்புறம் நான் ஒரு சாம்பல் நிறப் பெண்பூனையைக் கொண்டுவந்தேன். எலி போயிற்று. சோபாவும் போயிற்று. தூங்கி எழுந்ததும் பூனை நேராகப் போய் சோபாவின் வலது மூலையில் இரண்டு காலையும் வைத்து வரட்டு வரட்டென்று இழுக்கும். பிறகு இறங்கிக் கம்பளத்தின் ஓரத்தை இழுக்கும்.

மனைவி எல்லாம் செய்து பார்த்தாள். சோபாவின் இடுக்குகளில் அந்துருண்டை போட்டாள். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை, நாங்கள் எல்லோரும் தும்மினோம். எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தாள். செருப்பைத் தூக்கிக் காட்டினாள். கடைசியில் ஒரு காலை நேரத்தில், டீயைக்கூடக் குடிக்காமல், தீர்ப்பைச் சொன்னாள்.

"பத்து நாளு. அதுக்குள்ள இன்னொரு கீறல் விழுந்துச்சின்னா, பூனைய சாக்குல கட்டி வாலாஜாபாத்ல எங்கண்ணன் வேல செய்யற அரிசி மில்லுல உட்டுட்டு வந்துடு. அங்க அதுக்கு நெறைய எலி கெடைக்கும்."

நியாயமான பேச்சுத்தான்.  ஆனால் இதில் எங்கள் மூவரைத் தவிர இன்னொருவர் இருந்தார். என் அப்பா. நைனா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வருஷத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் தறிக்கும் மனைவி பள்ளிக்கும் போனபிறகு பகல் முழுவதும் அந்த சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். பூனை அவருடைய விழுந்துபோன வலது கையின்மேல் தலையை வைத்துத் தூங்கும். வீட்டுக்கு வருகிற எல்லோரும் அந்தக் கையைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். பூனை மட்டும் அதைத் தலையணையாக்கிக்கொண்டது. அன்றைக்கு மனைவி சாக்கு என்று சொன்னதும் நைனாவின் முகம் எப்படிப் போயிற்று என்பதை நான் பார்த்தேன்.

அக்காவைக் கூப்பிட்டேன். வந்தவர் சோபாவைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு, "பூன எங்க?" என்றார்.

"சோபாவுக்குத்தான் கூப்ட்டோம்" என்றாள் மனைவி.

"கிழிச்சவங்களப் பாக்காம எப்டிம்மா தைக்கிறது?"

பூனை நைனா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அது எழுந்திருக்கட்டும் என்று அக்கா கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. மோர் குடித்தார், நைனாவிடம் வெயிலைப் பற்றிப் பேசினார். நைனா பதில் சொல்ல முடியாதவர் என்று தெரிந்தும் கேள்வி கேட்டு, அவர் தலையை ஆட்டும்வரை காத்திருந்தார். பூனை எழுந்தது, முதுகை வளைத்தது, வலது மூலைக்குப் போய் முழு நீளத்துக்கு நின்று இழுத்தது. மனைவி செருப்பை எடுத்தாள்.

"அடிக்காதம்மா. அடிச்சா நீ இல்லாதப்ப கீறும், அவ்ளோதான். அது சோம்பல் முறிக்குது. நகத்துமேல காஞ்சுபோன பழைய தோல உதிர்க்குது. அதுக்கு நின்னுக்கினு இழுக்கறதுக்கு கெட்டியா, ஆடாம ஒரு கம்பம் வேணும். வச்சுக் குடுத்துட்டா உன் சோபாவ உட்டுடும்."

கம்பம் என்றதும் நான் குதித்துக்கொண்டு கிளம்பினேன். இங்கேதான் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நெசவுக்காரன்தான் இப்படிப்பட்ட தப்பைச் செய்வான். இடுப்பு உயரத்துக்கு ஒரு கட்டையை அறுத்து, வீட்டிலிருந்த கழிவுப் பட்டு நூலை எடுத்து, அரக்கும் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக அதன்மேல் சுற்றினேன். மினுமினுவென்று இருந்தது. ஹாலில் வைத்தால் அழகாக இருக்காது என்று கொல்லைப்புறத்தில் குளியலறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். பூனை வந்து முகர்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. உள்ளே போய் சோபாவை இழுத்தது.

மறுநாள் அக்கா அதைப் பார்த்துவிட்டு, வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"இன்னாண்ணா, பூனைக்குக் கல்யாணமா? நகத்துக்குப் புடி வேணும்பா. பட்டுல வழுக்கிக்கினு போவுது. ஊருக்கே பட்டுன்னா உசுரு, பூனைக்குமா?"

எனக்குக் கோபம் வந்தது. நான் சுற்றியதை யாரும் அதுவரை குறை சொன்னதில்லை. ஆனாலும் கடைக்குப் போய் சொரசொரப்பான தேங்காய் நார்க் கயிறு வாங்கிவந்தேன். அக்கா பட்டைப் பிரித்துப்போட்டு, கட்டைக்குக் கீழே அகலமான பலகை அடித்து ஆட்டத்தை நிறுத்தி, கயிற்றை இறுக்கிச் சுற்றினார். கொல்லைப்புறத்தில் வைக்க விடவில்லை. "அது தூங்கி எழுந்திரிக்கிற எடத்துலதான் இது இருக்கணும்" என்று சோபாவின் வலது மூலையை ஒட்டியே நிறுத்தினார். அந்த மூலையிலும் கம்பளத்தின் ஓரத்திலும் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டினார். பூனை பழைய இடத்தில் காலை வைத்தது, பிசுபிசுப்பு பிடிக்காமல் உதறியது, பக்கத்தில் கயிற்றைக் கண்டது. ஏறி நின்று இழுத்தது பாருங்கள், வீடே அதிர்ந்தது. மனைவிகூடச் சிரித்தாள். அக்கா பூனையின் நக நுனியை மட்டும் எப்படிக் கத்தரிப்பது என்று எனக்குக் காட்டிவிட்டு, வலது மூலைக்கு அதே நீலத்தில் புதுத்துணி போட்டுவிட்டுப் போனார்.

ஐந்து நாள் நிம்மதி. ஆறாவது நாள் மாலை பள்ளியிலிருந்து வந்த மனைவி, சோபாவின் இடது கைப்பிடியைப் பார்த்து நின்றுவிட்டாள். மேல்பக்கத்துத் துணியில் இழைகள் உருவப்பட்டிருந்தன. கேட்காமலே பரணிலிருந்து சாக்கை எடுத்துவந்து என் தறிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்குக் காலைல" என்றாள்.

நான் சாக்கைப் பார்த்தேன், பிறகு போனை எடுத்தேன். அரைமணி நேரத்தில் அக்கா வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தைத் துணிக்கு ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தார். கிட்டத்தில் பார்க்க வேண்டியதைக் கண்ணாடி இல்லாமல்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு நிமிரும்போது அவர் கண் ஒரே ஒரு நொடி நைனாவின் இடது கைமேல் நின்றது. நைனா அந்தக் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"தறி எப்டி ஓடுதுன்னு பாக்கலாமாண்ணா?" என்று என்னைத் தறி அறைக்கு அழைத்துப்போனார். உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்தி, "பூன முடிச்சு போடுமாண்ணா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அந்தக் கைப்பிடியில இருக்கிறது கீறல் இல்ல. மொதல்ல பூன ஏறி எறங்கறப்ப நகத்துல மாட்டி வந்த இழைய பெரியவரு எடுத்து முடிஞ்சிருக்காரு. வரிசையா முடிச்சு இருக்குது, கடுகாட்டம். அப்புறம் முடியறதுக்கு அறுந்த இழை கெடைக்கல. அவரே இழுத்து, அவரே முடிஞ்சிக்கினு இருக்காரு. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

 நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். துணியில் ஒரே ஒரு இழை இழுபட்டிருந்தால் என் முதுகில் சாத்தியவர். அவர் மருமகளின் சோபாவைப் பிரித்துக்கொண்டு, பழியைப் பூனைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. உடனே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கதவைத் திறக்கப் போனேன்.

அக்கா குறுக்கே நின்றார். "நீ சொல்லக் கூடாது."

"அப்போ பூனை போயிடுமே!"

"பூன போவாது. ஆனா நீ சொன்னீன்னா அவரு போயிடுவாரு. அந்த எடத்துல திரும்ப உக்கார மாட்டாரு. அவரா சொல்லட்டும்."

அப்போதுதான் தன் பழைய கதை ஒன்றைச் சொன்னார். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் மெத்தை பிரிந்திருக்கிறது என்று கூப்பிட்டார்களாம். எலி கடித்தது என்று மாமியார் சொன்னார். அக்கா பார்த்த உடனே, இது பிளேடால் அறுத்துக் கையால் தைத்தது என்று கெட்டிக்காரத்தனமாகச் சொல்லி, எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்டினார். உள்ளே மருமகளின் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டுகள் இருந்தன. வேலைக்குப் போகக் கூடாது என்று கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து அந்தப் பெண் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு என்ன ஒண்ணும் சொல்லல. பாத்துச்சு, அவ்ளோதான். அன்னிலேர்ந்து யாரு கிழிச்சாங்கன்னு என் வாயால நான் சொல்றதில்லண்ணா."

ஹாலுக்குத் திரும்பிய அக்கா என் மனைவியிடம் நேராகச் சொன்னார். "இது பூன வேல இல்லம்மா. நான் அதுக்கு ஜாமீன். சாக்க எடுத்து உள்ள வையி."

"பின்ன யாரு?"

"தெரியற அன்னிக்குத் தெரியும். அதுவரைக்கும் இந்தக் கைப்பிடியில நான் ஊசி வைக்க மாட்டேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். இப்படி ஒரு பதிலை வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் விட்டிருக்க மாட்டாள். பூனைக்கு ஜாமீன் நிற்கிற ஆளை அவள் அதுவரை கண்டதில்லை போலிருக்கிறது. சாக்கு பரணுக்குப் போயிற்று.

கிளம்பும் முன் அக்கா கயிற்றுக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டுபோய் நைனாவின் கால் முட்டிகளுக்கு நடுவில் நிறுத்தினார். "பெரியவரே, இந்தப் பூன இழுத்து இழுத்து மேல்பக்கம் தொளதொளன்னு ஆயிடுச்சு. எனக்கு ஐயம்பேட்டலேர்ந்து தெனம் வர முடியாது. நீங்கதான் பிரிச்சுப் பிரிச்சு இறுக்கி உடணும்" என்றார். கெஞ்சவும் இல்லை, இரக்கப்படவும் இல்லை. கூட வேலை செய்யும் ஆளிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்கிற குரலில் சொன்னார்.

மறுநாள் முதல் எங்கள் வீட்டில் ஒரு புது ஏற்பாடு ஓடியது. காலையில் பூனை இழுக்கும். பகலில் நைனா இடது முட்டியால் கம்பத்தை அணைத்துக்கொண்டு, இடது கையால் கயிற்றைப் பிரித்து, பல்லால் நுனியைப் பிடித்து இறுக்கிச் சுற்றுவார். சாயங்காலம் பூனை மறுபடியும் இழுக்கும். முதலில் கோணலாக இருந்த சுற்று, பத்துப் பதினைந்து நாளில் பாவு மாதிரி நேராக வந்தது. இடது கைப்பிடியில் புதிதாக ஒரு இழைகூட உருவப்படவில்லை. நான் தினமும் திருட்டுத்தனமாக எண்ணிப் பார்த்தேன், அதனால் தெரியும்.

அக்கா இப்போது இந்த ஊரில் இல்லை. ஒரகடம் பக்கம் கார் சீட் தைக்கிற கம்பெனி ஒன்றில் நாற்பது பெண்களுக்கு மேலே சூப்பர்வைசராக இருக்கிறார். தையல் பிரிந்து திரும்பி வருகிற சீட்டை எந்தப் பெண் தைத்தது என்று மேலதிகாரிகள் கேட்டால், பெயர் சொல்ல மாட்டாராம். எந்த மெஷினில் ஊசி மழுங்கியிருக்கிறது என்று மட்டும் சொல்வாராம். அங்கே வேலை செய்யும் முசரவாக்கத்துப் பெண் ஒருத்தி சொன்னாள். கேட்டதும் எனக்கு மார்பு விரிந்தது. நானென்னவோ அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டவன்போல, தெருவில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அவர் ஊரைவிட்டுப் போகுமுன் எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜாமீன் நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. நேராகக் கம்பத்திடம் போய்க் கயிற்றின்மேல் விரலை ஓட்டினார். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே நகத்தை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை.

"நான் சுத்தினத விட நல்லா இருக்குது" என்றார். நைனாவின் பாதி முகம் சிரித்தது.

மனைவி தட்டில் காபி கொண்டுவந்து கொடுத்தாள். "எல்லாம் சரிக்கா, இந்தக் கைப்பிடிய எப்பதான் போட்டுக் குடுப்பீங்க? வர்றவங்க மொதல்ல அதத்தான் பாக்குறாங்க" என்றாள்.

"பாக்கலாம்மா."

அப்போது நைனா இடது கையைத் துண்டிலிருந்து வெளியே எடுத்தார். கைப்பிடிமேல் வைத்தார். வாய் கோணிக்கொண்டு திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வெறும் காற்றுதான் வந்தது. மனைவி பதறி, "இன்னா மாமா, தண்ணி வேணுமா?" என்று குனிந்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, முடிச்சு விழுந்த ஓர் இழையை இரண்டு விரலால் தூக்கி அவள் கண்ணுக்கு நேராகக் காட்டினார்.

"நான்" என்றார்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து தெளிவாக விழுந்த ஒரு சொல். மனைவி இழையைப் பார்த்தாள், முடிச்சைப் பார்த்தாள், வரிசையாக இருந்த எல்லா முடிச்சுகளையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நைனா கண்ணை மூடிக்கொண்டார். இப்போது என்ன வார்த்தை வரப்போகிறதோ என்று நான் அவள் வாயையே பார்த்தேன்.

அக்கா எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நைனாவின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தைக் கைப்பிடிக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இத்தினியும் ஒத்தக் கையிலயா போட்டீங்க பெரியவரே?"

நைனா கண்ணைத் திறந்தார். தலையை ஆட்டினார்.

"ரெண்டு கையால போட்டாலும் எனக்கு இவ்ளோ சின்னதா வராதுப்பா. இது எப்டி? எனக்கு ஒருக்கா போட்டுக் காட்டுங்க."

நைனாவின் விரல்கள் துணியில் இறங்கி, நல்லதாக இருந்த ஓர் இழையைத் தேடிப் பிடித்தன. பிடித்ததும் நின்றுவிட்டன. அவர் என் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். சோபா அவளுடையது.

என் மனைவி தட்டைக் கீழே வைத்தாள். பூனையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"இழுங்க மாமா, நானும் பாக்கணும்" என்றாள்.